மணலில் ஏறும் மடல்

சென்ற மாசியில் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்காக மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதிக்குப் போயிருந்தோம். பொழுது சாயும் நேரம் மணலில் நடந்தபோது ஆளுயர ஆங்கில எழுத்துகள் விளக்குகளாக எரிந்துகொண்டிருந்தன. கீழே ரோஜா இதழ்களால் ஒரு வட்டம். ஓலைக் குடைக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சை அடக்கி நின்றார்கள். தலைக்கு மேல் ஒரு டிரோன் வண்டுபோல் இரைந்தது. ஒரு பெண்ணைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் பையன் மண்டியிட்டு மோதிரப் பெட்டியைத் திறந்தான்.

அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை. ஓலைக் குடைப் பக்கம் திரும்பி, "யாராவது ஸ்டேட்டஸ் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. "சொல்லுடி, சொல்லு!" என்ற கூச்சல்தான் வந்தது. அவள் தலையசைத்தாள். கைதட்டல் எழுந்தது. மோதிரம் விரல் மூட்டைத் தாண்டவில்லை. அவன் இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பாதியில் நிற்பது யாருக்கும் தெரியாதபடி அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். படத்தில் அது வெட்கமாகத் தெரிந்திருக்கும்.

பத்து நிமிடம் கழித்துக் கை கழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். விரல் முழுக்கச் சோப்பு நுரை.

"கழட்ட வரலையாம்மா?"

"வரல ஆன்ட்டி. எங்கப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. எங்க சித்தப்பா பையன் இவங்க எல்லாருக்கும் ஃப்ரெண்டு."

கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, குளிர்ந்த நீரை ஊற்றினேன். மெல்லத் திருகித் திருகி மோதிரம் கழன்றது. மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் நல்லவன் என்பதிலும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவள் ஒரு பொழுதுகூட மகிழ்ச்சியாக இல்லை. அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய கேள்வியை அவளைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள்.

இப்படித்தான் கேட்க வேண்டும் என்று இன்று ஊரே சொல்கிறது. பெண்ணுக்குத் தெரியாமல் மோதிரம் வாங்க வேண்டும், அவள் எதிர்பாராத நேரத்தில் நீட்ட வேண்டும், அவள் அதிர்ந்து அழ வேண்டும். முன்பே தெரிந்துவிட்டால் அதில் காதல் இல்லை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை விடுதிகள் இதற்கென்று தனி விலைப்பட்டியலே வைத்திருக்கின்றன. அவள் தூங்கும்போது விரலில் நூல் சுற்றி அளவெடுப்பது எப்படி, அவளுடைய பழைய மோதிரத்தைச் சோப்பில் அழுத்தி அச்செடுப்பது எப்படி என்றெல்லாம் நண்பர்கள் பாடம் நடத்துகிறார்கள். படித்த பிள்ளைகள், பெண்ணுரிமை பேசுகிற பிள்ளைகள்கூட இதை நம்புகிறார்கள். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. ஒளித்துவைப்பது அன்புக்குச் சான்று ஆகாது. ஒரு பெண்ணின் சம்மதத்தை அதிர்ச்சியில் வைத்துக் கேட்பது அவளை மதிப்பதும் ஆகாது.

மோதிரம் மேனாட்டுச் சரக்கு, அதைத் தூக்கி எறியுங்கள் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அசோகவனத்தில் சீதை கையில் அனுமன் வைத்தது கணையாழி. நம் கல்யாண வீடுகளில் குடத்து நீருக்குள் மோதிரத்தைப் போட்டு மணமக்களைத் தேடச் சொல்கிறோம். அங்கே இருவர் கையும் ஒரே குடத்துக்குள் இருக்கும். மோதிரத்தின் மேல் எனக்கு வழக்கு இல்லை. அதை ஒருவர் மட்டும் ஒளிந்து தேர்வதுதான் வழக்கு.

என் தாய்மாமா செங்கல்பட்டில் ஒரு சந்துக்குள் நாற்பது ஆண்டு நகைப் பட்டறை வைத்திருந்தவர். உமி ஓட்டுக்கும் ஊதுகுழலுக்கும் நடுவே ஆணியில் ஒரு கொத்து தொங்கும்: சிறியதிலிருந்து பெரியதுவரை எண் போட்ட அளவு வளையங்கள். கடைசிக் காலத்தில் ஒரு பையன் நூலோடு வந்தான். மாமா நூலை வாங்கி லேசாக இழுத்துக் காட்டினார், நீண்டது. நம் கடைகளின் மோதிர அளவில் ஓர் எண் கூடினால் உட்சுற்று ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கூடும். நூலில் வரும் பிழையே இரண்டு மூன்று எண் விழுங்கிவிடும். "விரல் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு தம்பி. சித்திரைல ஒண்ணு, மார்கழில ஒண்ணு. மூட்டு பெருசா இருந்தா அடி விரல் அளவு எதுக்கும் ஆவாது. புள்ளையக் கூட்டிட்டு வா" என்றார். சர்ப்ரைஸ் என்றான் பையன். "போடப்போறது அந்தப் புள்ளதானே?" என்று கேட்டுவிட்டு மாமா நூலைத் திருப்பிக் கொடுத்தார். வேலையை ஏற்கவில்லை.

அளவு தவறினால் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். சாதாரண மோதிரத்தை வெட்டி ஒட்டலாம். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பெருக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்று திருப்பினால் செய்கூலியும் சேதாரமும் கட்டிய வரியும் போனது போனதுதான், கல்லுக்கும் கழிவு உண்டு. வைர மோதிரம் பெரும்பாலும் 18 காரட்டில், 750 முத்திரையோடு வரும். 916 தவிர வேறு தங்கமே அறியாத வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அதை முன்பே சொல்ல வேண்டாமா? வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். மறைமலை நகர் ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்கிற பெண்ணை மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மருத்துவமனைச் செவிலியின் கையுறையை உயரமான கொக்கிக் கல் கிழிக்கும். இதையெல்லாம் அணியப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விரலில் வைரம் என்பதே தமிழ்ப் பெண்ணுக்கு அவ்வளவு பழைய ஆசை அல்ல. நம் பாட்டிமார்களுக்கு வைரம் தோட்டில் இருந்தது, மூக்குத்தியில் இருந்தது. விரலில் நெளி மோதிரமும் வங்கி மோதிரமும் கிடந்தன. வைரம் வாங்கும்போது கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்துப் பார்ப்பார்கள், ராசி பார்க்கிறோம் என்பார்கள். ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஓர் அறிவு இருந்தது. போட்டுக்கொள்ளப் போகிறவள் கல்லோடு சில நாள் இருந்து பார்த்து, பிடித்தால் மட்டும் வைத்துக்கொள்வாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அவளுக்கு வழி இருந்தது. மணலில் மண்டியிட்டு நீட்டும் பெட்டியில் அந்த வழி இல்லை.

பிறகு இந்த ஒளிவும் வைரமும் எங்கிருந்து வந்தன? தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களை வளைத்துப்போட்டு 1888-இல் உருவான டி பீர்ஸ் நிறுவனத்திடம் விற்கக் கல் மலைபோல் இருந்தது. அதன் விளம்பர நிறுவனமான என்.டபிள்யூ. அயரில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ஜெரட்டி 1947-இல் வைரத்தை நிலையான காதலோடு முடிச்சுப் போட்ட புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை எழுதினார். 1980-களில் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குக் கொடுப்பதே முறை என்று விளம்பரம் சொன்னது. வியப்பின் கதை இன்னும் கசப்பானது. எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1982-இல் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, வைர வணிகத்துக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. கணவன் கலந்து பேசினால் தங்கள் சிக்கன புத்தி தலைதூக்கும், இவ்வளவு செலவு வேண்டாம் என்று தடுத்துவிடுவோம் என்று அதில் பெண்களே சொல்லியிருந்தார்கள். கேட்காமல் கொடுத்தால் அந்தத் தடை எழாது. நம் பிள்ளைகள் காதலின் இலக்கணம் என்று எண்ணி மனப்பாடம் செய்வது, பெண்ணின் "வேண்டாம்" என்ற சொல் கடையை எட்டாதபடி காக்கிற ஒரு விற்பனை முறை.

படமும் இரவல்தான். கடலில் சூரியன் இறங்கும்போது மண்டியிட வேண்டும் என்று கேட்டு வருகிறார்களாம். நம் கடல் கிழக்குக் கடல். இங்கே கடலில் பொழுது விடியும். அடைவது பக்கிங்காம் கால்வாய்க்கும் உப்பங்கழிக்கும் பின்னால், நிலத்தின் பக்கம். வேறொரு கரையில் எடுத்த படத்தை இந்தக் கரையின் மேல் ஒட்டப் பார்க்கிறோம்.

சிலர் இதற்கும் நம் இலக்கியத்தில் இடம் தேடுகிறார்கள். களவு என்று ஓர் ஒழுக்கமே தமிழில் உண்டே, காதலில் மறைவு நமக்குப் புதிதா என்கிறார்கள். தொல்காப்பியம் களவியலும் கற்பியலும் வகுத்தது உண்மைதான். ஆனால் களவில் மறைவு யாரிடமிருந்து? ஊரிடமிருந்து, தாயிடமிருந்து. தலைவனும் தலைவியும் சேர்ந்து காக்கிற ரகசியம் அது. இருவருக்கும் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. மாமல்லபுரத்து மணலில் நான் கண்டது அதன் தலைகீழ்: உலகத்துக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

பழைய மரபில் இதற்கு ஈடு ஒன்று உண்டு, அது மடலேறுதல். காதலைப் பெற முடியாத ஆண், பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, ஊர்த் தெருவில் எல்லோரும் பார்க்க வருவான். பெண்ணின் பெயர் ஊர் வாயில் விழும். அந்த நெருக்கடியில் அவள் வீட்டார் இணங்க வேண்டும். சங்கப் பாடல்களில் மடல் பெரும்பாலும் வாய் மிரட்டலோடு நின்றுவிடும், ஏறப்போகிறேன் என்று சொன்னதோடு சரி. ஏறியே விட்டால்? தொல்காப்பியம் ஏறிய மடலைப் பெருந்திணையில் வைத்தது, பொருந்தாக் காமத்தின் பக்கம். ஊரைக் கூட்டி ஒரு பெண்ணின் பதிலைப் பிழிந்தெடுப்பது அன்பின் ஐந்திணைக்குள் அடங்காது என்று பல நூற்றாண்டுக்கு முன்பே நம் இலக்கணம் முடிவு கட்டிவிட்டது. பனங்குதிரை போய் டிரோன் வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதேதான்.

அந்த விடுதியிலிருந்து இன்னும் வடக்கே போனால் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில் மணமாகாதவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வருகிறார்கள். மாலையை வீட்டில் காத்து வைத்திருந்து, மணமான பின் இருவருமாக வந்து செலுத்துகிறார்கள். எனக்கு மணம் வேண்டும் என்று பட்டப்பகலில் தானே வாய்விட்டுக் கேட்கிற இடம் அது. திருமங்கையாழ்வார் இந்தத் தலத்தைப் பாடியபோது ஒரு தாயின் குரலை எடுத்துக்கொண்டார். என் மகளைப் பற்றி உன் மனத்தில் என்ன நினைத்திருக்கிறாய் என்று அந்தத் தாய் பெருமாளிடமே கேட்கிறாள். இந்தக் கரையில் கடவுளுக்குக்கூட எண்ணத்தை மறைத்துவைக்கும் சலுகை கிடைக்கவில்லை.

எதிர்த் தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்று இருக்கிறது. அதை என் அக்கா மகளே சொன்னாள். "சித்தி, உங்க காலத்துல உங்கள யாராவது கேட்டாங்களா? காபித் தட்டோட கொண்டுவந்து நிறுத்தினாங்க, நிச்சயம் பண்ணினாங்க. இப்ப ஒருத்தன் மண்டி போட்டு என் இஷ்டத்தைக் கேக்கறான். அத ஏன் கெடுக்கறீங்க?"

அவள் சொன்னதில் பாதி முழு உண்மை. எங்களைக் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த கூடத்தில், பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஆறிக்கொண்டிருக்க, பதினைந்து பேர் நடுவில், "பொண்ணுக்கு இஷ்டம்தானே?" என்று யாரோ ஒரு பெரியம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதி. தலை குனிந்தால் சம்மதம், அழுதாலும் சம்மதம், ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். கேட்கப்படுவது ஒரு பெண்ணுக்குப் பெரிய விஷயம் என்பதை என்னைவிட யார் அறிவார்? அதனால்தான் சொல்கிறேன்: கூடம் இடம் மாறி மணலுக்கு வந்திருக்கிறது, பெரியம்மா கைபேசியாகிவிட்டாள், ஆனால் பதில் இன்னும் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கேட்டால் அது கேட்டதாகாது. "யோசிச்சு சொல்றேன்" என்ற மூன்றாவது பதிலுக்கும் அந்த ரோஜா வட்டத்துக்குள் இடமில்லை. நியாயமான பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் உண்மையான பதில்.

நம் மாநிலத்தில் காதல் இப்படி வெளியே தெரிவது வெறும் மனக்கசப்போடு முடிகிற விஷயமும் அல்ல. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறி மணந்ததுதான் காரணம். வீட்டில் எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, அம்மாவிடமா, தாய்மாமாவிடமா, வேலை நிரந்தரமான பின்பா என்று ஒரு பெண் மாதக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்காமல் எடுத்த ஒரு நிமிடப் படம் அந்தக் கணக்கை மொத்தமாக அழித்துவிடும். அந்தப் பெண் மோதிரத்தைப் பார்க்காமல் ஸ்டேட்டஸைப் பற்றிக் கேட்டது ஏன் என்று அவளுடைய காதலன் இன்றைக்காவது யோசித்திருப்பான் என்று நம்புகிறேன்.

இந்தக் கடற்கரையில் நடந்தவற்றுள் ஊரறிந்த திருமணம் 2022 ஜூன் 9 அன்று நடந்த நடிகை நயன்தாரா - இயக்குநர் விக்னேஷ் சிவன் திருமணம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மாமல்லபுரத்தில் கல்யாணம் வேண்டும் என்று எத்தனையோ பேர் ஆசைப்பட்டார்கள். ஆனால் அவர்களின் நிச்சயம் குடும்பத்தார் மட்டும் இருந்து, சத்தமில்லாமல் முடிந்தது. 2021-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் விரலிலிருந்த மோதிரத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் நயன்தாரா அதைச் சொன்னார். கேமரா முன்னாலேயே வாழ்ந்த இருவர், சம்மதத்தின் நாளைக் கேமராவுக்குத் தராமல் வைத்துக்கொண்டார்கள். பார்த்துக் கற்க வேண்டியது அதை.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நம் ஊரில் நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெண்ணின் மணவயது 16-க்குக் குறையக் கூடாது, விதவைகள் மறுமணம் செய்யலாம், பிடிக்காத மணத்திலிருந்து விலகலாம், சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை வேண்டும், துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம்கூடப் பெண்ணுக்கு 14 வயது என்றுதான் நிர்ணயித்தது. நம் ஊர்ப் பந்தல் சட்டத்துக்கு முன்னால் நின்றது. தேர்ந்துகொள்வது என்றால் தெரிந்து, யோசித்து, ஒப்பிட்டு, வேண்டாம் என்றும் சொல்ல வழியுள்ள நிலையில் முடிவெடுப்பது. கண்ணைக் கட்டி அழைத்து வருவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

அந்தப் பந்தலில் தொடங்கியது அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் சட்டமானது. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம் எப்படி நடக்கலாம் என்று வரிசையிட்டுச் சொல்கிறது. இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். ஒருவருக்கு ஒருவர் மாலையிடலாம். ஒருவர் மற்றவர் விரலில் மோதிரம் அணிவிக்கலாம். தாலி கட்டலாம். மோதிரம் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே அது ஆண் நீட்டப் பெண் வாங்குகிற பொருளாக இல்லை. இருவரும் போடுவதாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பு கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இளவரசன் வழக்கில் தெளிவாக்கியது. வீட்டு எதிர்ப்புக்கு நடுவே மணம் செய்கிறவர்களுக்கு ஊர்க் கூட்டமே ஆபத்தாகலாம் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

வியப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு வியப்பு கொடுங்கள், பயணத்தில் கொடுங்கள். கேள்வி கேட்டு, பதில் வந்து, விரல் அளந்து, கல்லா வெறும் தங்கமா என்று இருவரும் பேசி முடித்த பிறகு, மோதிரம் எந்த நாளில் எந்த இடத்தில் வந்து சேரும் என்பதை மட்டும் ஒளித்துவைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வியப்பு பிடிக்கும் என்றால் அந்த மகிழ்ச்சி அப்போதும் குறையாது. பயம்தான் குறையும்.

அதனால் தம்பி, நூலைக் கீழே போடு. ஒரு விடுமுறை நாளில் அவளோடு நம் ஊர்க் கொளவாய் ஏரிக் கரையில் உட்கார்ந்து, நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேள். பதில் சொல்ல அவள் எத்தனை நாள் கேட்டாலும் கொடு. சரி என்றால் இருவருமாகக் கடைக்குப் போய் இரண்டு விரலையும் அளந்து, இரண்டு மோதிரத்துக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.